துடிப்பும் வெப்பமும்: இன்டெல் செயலிகளின் வேக வரலாறு

இன்டெல் நிறுவனம் 1971இல் வெளியிட்ட முதல் நுண்செயலி நொடிக்கு 7,40,000 முறை துடித்தது. அதே நிறுவனம் 2004ஆம் ஆண்டின் இறுதியில் விற்ற மேசைக் கணினிச் செயலிகளுள் முதன்மையானது நொடிக்கு 380 கோடி முறை துடித்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஐயாயிரம் மடங்குக்கும் மேலாக ஏறிய அந்த எண், அதற்கடுத்த இருபது ஆண்டுகளில் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. ஆயினும் இன்றைய செயலி 2004ஆம் ஆண்டுச் செயலியைவிடப் பன்மடங்கு வேலையை ஒரு நொடிக்குள் முடித்துவிடுகிறது. துடிப்பின் எண்ணிக்கையே செயலியின் வேகம் என்ற நம்பிக்கை எப்படி வேரூன்றியது, ஒரு பெரும் தொழிலை எவ்வளவு தூரம் இழுத்துச் சென்றது, எந்த இடத்தில் முறிந்தது என்பதைப் பின்தொடர்ந்தால், நுண்செயலியின் அரைநூற்றாண்டு வரலாற்றின் முதுகெலும்பு புலப்படும்.

செயலி என்பது டிரான்சிஸ்டர்களால் ஆன சுற்று. டிரான்சிஸ்டர் என்பது மின்னோட்டத்தைச் செல்லவிடவும் தடுக்கவும் வல்ல மிகச் சிறிய சுவிட்ச். இலட்சக்கணக்கான சுவிட்சுகள் முன்பின் பிசகாமல் நிலைமாற வேண்டியிருப்பதால், கடிகாரம் எனப்படும் ஒரு சுற்று சீரான மின்துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் கணக்கு ஒரு படி நகர்கிறது. நொடிக்குப் பத்து இலட்சம் துடிப்புகளை ஒரு மெகாஹெர்ட்ஸ் என்றும், நூறு கோடித் துடிப்புகளை ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றும் குறிப்பர். இந்த அமைப்பில் வேகத்தைக் கூட்ட மூன்று வழிகள் உண்டு: டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கி அது நிலைமாறும் நேரத்தைக் குறைப்பது, துடிப்பின் எண்ணிக்கையை ஏற்றுவது, ஒரே துடிப்பில் முடியும் வேலையை அதிகமாக்குவது. நெடுங்காலம் இம்மூன்றும் ஒன்றோடொன்று கைகோத்தே வந்தன. அவை பிரிந்த காலமே இத்தொழிலின் பெரும் நெருக்கடிக் காலமாயிற்று.

சிறிதாக்கலின் கணக்கு

ராபர்ட் நாய்ஸ், கோர்டன் மூர் ஆகிய இருவரும் ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனத்தை விட்டு வெளியேறி 1968 ஜூலையில் கலிஃபோர்னியாவில் இன்டெல்லைத் தொடங்கினர். ஆண்ட்ரூ குரோவ் தொடக்கத்திலேயே அவர்களுடன் இணைந்தார். ஒரே சிலிக்கான் துண்டில் பல உறுப்புகளை உருவாக்கி இணைக்கும் ஒருங்கிணைந்த சுற்றை 1959இல் நடைமுறைக்கு உகந்த வடிவில் வகுத்தவர் நாய்ஸ். மூரோ 1965 ஏப்ரலில் 'எலக்ட்ரானிக்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், ஒரு சில்லில் குறைந்த செலவில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டித்து வருவதைச் சுட்டிக்காட்டி, 1975இல் அது 65,000ஐ எட்டும் என்று கணித்தார். 1975இல் அந்தக் கால அளவை இரண்டு ஆண்டுகளாகத் திருத்திக்கொண்டார். மூரின் விதி என்று பெயர்பெற்ற இக்கூற்று இயற்கை விதியன்று. பொருளாதாரத்தைக் கணக்கிட்டுச் சொன்ன கணிப்பு. பின்னாளில் தொழில்துறை முழுவதும் அதையே தனக்கான காலஅட்டவணையாக வைத்துக்கொண்டதால், அது தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொண்டது.

சிறிதாக்கினால் வேகம் ஏன் கூடுகிறது என்பதற்கான இயற்பியல் விளக்கம் 1974இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையில் கிடைத்தது. டிரான்சிஸ்டரின் நீள அகலங்களையும் அதற்குத் தரும் மின்னழுத்தத்தையும் ஒரே விகிதத்தில் குறைத்தால், அது விரைவாக நிலைமாறும். ஒவ்வொன்றும் செலவிடும் மின்திறன், அது அடைத்துக்கொள்ளும் பரப்பின் அளவுக்கே குறையும். ஆகவே அதே பரப்பில் கூடுதலான டிரான்சிஸ்டர்களைக் கூடுதலான துடிப்பில் இயக்கினாலும் சில்லின் ஒரு சதுர மில்லிமீட்டர் வெளியிடும் வெப்பம் மாறாது. அடுத்த முப்பது ஆண்டுகள் செயலித் தொழில் அனுபவித்த செழிப்பு முழுவதும் இந்தக் கணக்கின் கொடை. அதிலிருந்த ஒரு நிபந்தனை, அதாவது மின்னழுத்தமும் உடன் குறைந்துகொண்டே வர வேண்டும் என்பது, அன்று எவரையும் அச்சுறுத்தவில்லை.

கணக்குப்பொறிக்குள் பிறந்த செயலி

இன்டெல் தொடங்கப்பட்டது நினைவகச் சில்லுகளைச் செய்யவே. 1970இல் வந்த 1103 என்ற நினைவகச் சில்லே அதன் முதல் பெரும் வணிக வெற்றி. நுண்செயலியோ ஒரு வாடிக்கையாளரின் தேவையிலிருந்து தற்செயலாக முளைத்தது. ஜப்பானைச் சேர்ந்த புசிகாம் என்ற கணக்குப்பொறி நிறுவனம் 1969இல் தன் புதிய பொறிகளுக்காகத் தனித்தனிப் பணிகளுக்குரிய பல சில்லுகளைக் கொண்ட ஒரு தொகுதியை வடிவமைத்துத் தரக் கேட்டது. அத்தனை சில்லுகளை உருவாக்குமளவுக்கு இன்டெல்லிடம் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. டெட் ஹாஃப் என்ற பொறியாளர், ஸ்டான்லி மேசரின் துணையுடன், நிரலை ஏற்று இயங்கும் பொதுப்பயன் செயலி ஒன்றையும் அதற்குத் துணையான மூன்று சில்லுகளையும் கொண்டே அந்த வேலையை முடிக்கலாம் என்று முன்மொழிந்தார்.

முன்மொழிவைச் சிலிக்கானாக மாற்றியவர் 1970 ஏப்ரலில் இன்டெல்லில் சேர்ந்த இத்தாலியரான ஃபெடெரிகோ ஃபாஜின். டிரான்சிஸ்டரின் வாயிலை, அதாவது மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பகுதியை, உலோகத்துக்குப் பதிலாகச் சிலிக்கானாலேயே அமைக்கும் உற்பத்தி முறையை ஃபேர்சைல்டில் உருவாக்கியவர் அவர். அம்முறை இல்லாமல் இத்தனை டிரான்சிஸ்டர்களை அன்று ஒரே சில்லில் அடக்கியிருக்க முடியாது. புசிகாமின் சார்பில் வந்த மசதோஷி ஷிமா, வேலை எதுவும் நகராதிருந்ததைக் கண்டு முதலில் சினந்தாலும், பின்னர் மாதக்கணக்கில் ஃபாஜினுடன் அமர்ந்து சுற்றுகளைச் சரிபார்த்தார். கணினி உதவியுடன் வரைபடம் தயாரிக்கும் வசதி அன்று இல்லை. சில்லின் ஒவ்வோர் அடுக்கும் பன்னூறு மடங்கு பெரிதாக்கி வரையப்பட்டு, ரூபிலித் எனப்படும் சிவப்புப் படலத்தில் கத்தியால் கீறி உரிக்கப்பட்டு, பின்னர் ஒளிப்பட முறையில் சுருக்கப்பட்டது. 1970 டிசம்பர் முடிவில் வந்த முதல் தகடுகளில் ஓர் அடுக்கே விடுபட்டிருந்ததால் எந்தச் சில்லும் இயங்கவில்லை. அடுத்த மாதம் திருத்தி வந்தவை இயங்கின. ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டருக்கு நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள அந்தச் சில்லின் ஓரத்தில் ஃபாஜின் தன் பெயரின் இரு முதலெழுத்துகளைப் பொறித்து வைத்தார். உருப்பெருக்கியின் அடியில் அவை இன்றும் தெரிகின்றன.

1971 நவம்பரில் 4004 என்ற பெயரில் விற்பனைக்கு அறிவிக்கப்பட்ட இச்செயலியில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன; மிகச் சிறிய கோட்டின் அகலம் 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. புசிகாமுக்கு மட்டுமே உரியதாக இருந்த விற்பனை உரிமையை, அது முன்பு தந்திருந்த 60,000 டாலரைத் திருப்பிக் கொடுத்து இன்டெல் மீட்டுக்கொண்டதாலேயே இவ்விற்பனை சாத்தியமாயிற்று. இச்செயலி ஒரே நேரத்தில் நான்கு பிட்டுகளை, அதாவது ஒற்றைப் பதின்ம இலக்கத்துக்குப் போதுமான தரவை, மட்டுமே கையாண்டது. எட்டுப் பிட்டுகளைக் கையாளும் 8008 அடுத்த ஆண்டு வந்தது. 1974இல் வந்த 8080 இரண்டு மெகாஹெர்ட்ஸில் துடித்து, 1975இன் தொடக்கத்தில் ஆல்டேர் 8800 என்ற வீட்டுக் கணினித் தொகுப்புக்கு உயிரானது.

அகலமும் வணிகமும்

1978 ஜூனில் வெளியான 8086 பதினாறு பிட்டுகளைக் கையாண்டது. அதில் 29,000 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அதன் துடிப்பு 5 மெகாஹெர்ட்ஸ். வேக வரலாற்றில் அதன் முதன்மை வேறோர் இடத்தில் உள்ளது. அச்செயலி இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி ஒரு கட்டளையை நிறைவேற்றிக்கொண்டிருக்கையில் மற்றொன்று அடுத்து வரும் கட்டளைகளை நினைவகத்திலிருந்து முன்கூட்டியே எடுத்து வரிசையில் வைத்தது. செயலி கைகட்டிக் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதே வேகத்துக்கு வழி என்ற எண்ணத்தை இன்டெல் முதன்முதலாகத் தன் வடிவமைப்பில் ஏற்ற இடம் இதுவே. இதன் மலிவான வடிவமான 8088ஐ ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகஸ்டில் வெளியிட்ட தன் தனிநபர் கணினிக்குத் தேர்ந்தெடுத்ததால், இச்செயலியின் கட்டளைத் தொகுதி உலகத் தரமாகிவிட்டது. ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க விரும்பாத ஐபிஎம்மின் வற்புறுத்தலால் ஏஎம்டி என்ற நிறுவனத்துக்கும் அதே செயலிகளைச் செய்யும் உரிமையை இன்டெல் வழங்கியது. பின்னாளில் இன்டெல்லின் வேகப் போட்டியாளராக எழுந்ததும் அதே நிறுவனம்தான்.

1985ஆம் ஆண்டு இருவகையில் திருப்புமுனையாக அமைந்தது. ஜப்பானிய நிறுவனங்களின் போட்டியால் நட்டத்தில் மூழ்கிய நினைவகத் தொழிலிலிருந்து இன்டெல் விலகியது. நிறுவனத்தின் தலைமைக்குப் புதியவர்கள் வந்தால் என்ன செய்வார்கள் என்று குரோவ் கேட்க, நினைவகத்தைக் கைவிடுவார்கள் என்று மூர் விடையளிக்க, அதை நாமே செய்யலாமே என்று குரோவ் முடிவுக்கு வந்ததாக அவரே பின்னர் எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் வந்த 80386, முப்பத்திரண்டு பிட்டுகளையும் 2,75,000 டிரான்சிஸ்டர்களையும் கொண்டிருந்தது. இம்முறை ஏஎம்டிக்கு உரிமம் தர இன்டெல் மறுத்துவிட்டது. நெடிய வழக்குகளுக்கிடையே 1991இல்தான் ஏஎம்டி தன் சொந்த 386ஐச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நிறுவனத்தின் வாழ்வும் தாழ்வும் இனிச் செயலியின் வேகத்தையே சார்ந்தவை என்ற நிலை 1985இலேயே உறுதிப்பட்டது.

ஒரே துடிப்பில் கூடுதல் வேலை

1989இல் வந்த 80486, 12 இலட்சம் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு மூன்று சீர்திருத்தங்களை ஒரே சில்லில் சேர்த்தது. பின்ன எண்களைக் கணக்கிடும் அலகு தனிச் சில்லாக இல்லாமல் செயலிக்குள்ளேயே இடம்பெற்றது. அடிக்கடி தேவைப்படும் தரவை அருகிலேயே வைத்துக்கொள்ளும் கேஷ் எனப்படும் சிறு நினைவகம், எட்டு கிலோபைட் அளவில், உள்ளே வந்தது. மூன்றாவது பைப்லைன் முறை: புத்தகம் கட்டும் கூடத்தில் ஒருவர் தாளை மடிக்க, அடுத்தவர் தைக்க, மூன்றாமவர் அட்டை ஒட்ட, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஆகும் நேரம் குறையாவிட்டாலும் வெளிவரும் புத்தகங்களின் எண்ணிக்கை கூடுவது போல, ஒரு கட்டளையை ஐந்து கட்டங்களாகப் பிரித்து, ஐந்து கட்டளைகளை ஒரே சமயத்தில் வெவ்வேறு கட்டங்களில் நகர்த்துவது. 386இல் பல துடிப்புகள் தேவைப்பட்ட எளிய கட்டளைகள் இதில் துடிப்புக்கு ஒன்றாக முடிந்தன. 1992இல் வந்த இதன் மறுவடிவம் செயலியின் துடிப்பை வெளியிலுள்ள மின்பலகையின் துடிப்பைப் போல இரு மடங்காக்கியது. செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையிலான வேக இடைவெளி அது முதல் விரிந்துகொண்டே சென்றது.

எண்களை வணிகமுத்திரையாகப் பதிவு செய்ய முடியாது என்பதால் அடுத்த செயலிக்குப் பென்டியம் என்று பெயரிடப்பட்டது. இந்தியாவில் பிறந்த வினோத் தாம் தலைமையேற்று நடத்திய இத்திட்டம் 1993 மார்ச்சில் நிறைவெய்தியது. 31 இலட்சம் டிரான்சிஸ்டர்களைக் கொண்ட பென்டியத்தில் இரண்டு பைப்லைன்கள் இருந்ததால், ஒன்றையொன்று சாராத இரு கட்டளைகள் ஒரே துடிப்பில் முடிந்தன. வேகத்துக்காக இடப்பட்ட புதிய அடி ஒன்று இங்கே சறுக்கியது. வகுத்தல் கணக்கில் முன்பு துடிப்புக்கு ஒரு பிட்டாகக் கிடைத்த ஈவு, புதிய முறையில் இரண்டு பிட்டுகளாகக் கிடைத்தது. அம்முறை, சில்லில் பதிந்த ஓர் அட்டவணையைப் பார்த்து ஈவை ஊகித்தது. 1,066 இடங்களைக் கொண்ட அந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டன. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கணிதப் பேராசிரியராயிருந்த தாமஸ் நைஸ்லி, பகா எண்களைப் பற்றிய தன் ஆய்வில் விடைகள் ஒத்துவராததைக் கண்டு, 1994இல் இப்பிழையை வெளிப்படுத்தினார். தேவையை மெய்ப்பிப்பவர்களுக்கு மட்டுமே மாற்றித் தருவோம் என்று முதலில் கூறிய இன்டெல், பொதுமக்களின் எதிர்ப்பால் டிசம்பரில் கேட்பவர் அனைவருக்கும் மாற்றித் தர இசைந்து, அதற்கென 47.5 கோடி டாலரை ஒதுக்கியது. செயலி என்பது பொறியாளர்களுக்கு இடையிலான சரக்கு என்ற நிலை மாறி, வீடுகளில் பெயர் சொல்லிக் கேட்கும் பொருளாகிவிட்டதை இந்நிகழ்வு காட்டியது.

1995இல் வந்த பென்டியம் புரோ இவ்வரிசையிலேயே அறிவுக்கூர்மை மிக்க வடிவமைப்பு எனலாம். ராபர்ட் கால்வெல் முதன்மை வடிவமைப்பாளராக இருந்த ஆரிகன் குழு, சிக்கலான கட்டளைகளைச் சிறு செயல்களாக உடைத்து, அவற்றுள் எவற்றுக்குத் தரவு தயாராக இருக்கிறதோ அவற்றை வரிசையைப் பொருட்படுத்தாமல் முதலில் முடித்து, இறுதியில் விடைகளை மட்டும் பழைய வரிசைப்படி அடுக்கியது. 1960களில் ஐபிஎம்மின் பெருங்கணினி ஒன்றுக்காக ராபர்ட் டொமசூலோ வகுத்த முறையின் வழிவந்த உத்தி இது. அன்று ஓர் அறையை நிரப்பிய கணினியின் கருத்து 55 இலட்சம் டிரான்சிஸ்டர்களுக்குள் அடங்கியது. பழைய கட்டளைத் தொகுதியைச் சுமக்கும் செயலிகள், எளிய கட்டளைகளையே கொண்ட புதுவகைச் செயலிகளிடம் தோற்றே தீரும் என்ற பரவலான கருத்தை இச்செயலி பொய்யாக்கியது.

எண்ணுக்கான ஓட்டம்

கணினி வாங்குவோர் பார்த்து ஒப்பிடக்கூடிய ஒரே எண்ணாக மெகாஹெர்ட்ஸே இருந்ததால், கடைகளும் விளம்பரங்களும் அதையே முன்நிறுத்தின. ஏஎம்டி 1999இல் வெளியிட்ட ஆத்லான் இந்தப் போட்டியை உச்சத்துக்குக் கொண்டுசென்றது. 2000 மார்ச் 6இல் ஏஎம்டி ஒரு கிகாஹெர்ட்ஸ் செயலியை அறிவித்தது. இரண்டு நாள் கழித்து இன்டெல்லும் பென்டியம் 3 வரிசையில் அதே அளவை எட்டியதாக அறிவித்தது. அதே ஆண்டின் நடுவில் அவசரமாக வந்த 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 சில வேளைகளில் பிழையாக இயங்கியதால் திரும்பப் பெறப்பட்டது.

அவ்வாண்டு நவம்பரில் வந்த பென்டியம் 4, துடிப்பை ஏற்றுவதையே தலையாய நோக்கமாகக் கொண்டு வரையப்பட்டது. ஒரு கட்டளையை இருபது கட்டங்களாக நறுக்கினால் ஒவ்வொரு கட்டத்திலும் செய்யவேண்டிய வேலை குறையும். வேலை குறைந்தால் துடிப்பை விரைவாக்கலாம். அந்த இருபதில் இரண்டு கட்டங்கள் எந்தக் கணக்கும் செய்யாமல், சில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்குறிகள் சென்று சேர்வதற்கென்றே ஒதுக்கப்பட்டன. 3.8 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு நீடிக்கும் நேரத்துக்குள் வெற்றிடத்தில் செல்லும் ஒளிகூட எட்டு சென்டிமீட்டரைக் கடக்காது என்பதையும், சில்லின் நுண்கம்பிகளில் மின்குறி அதைவிட வெகு மெதுவாகவே செல்லும் என்பதையும் எண்ணினால் இந்த ஒதுக்கீட்டின் காரணம் விளங்கும். நீண்ட பைப்லைனுக்கு ஒரு தண்டனையும் உண்டு. நிரல் எந்தப் பாதையில் கிளைக்கும் என்பதை ஊகித்தே செயலி முன்கூட்டிக் கட்டளைகளை ஏற்றுகிறது. ஊகம் தவறினால் பைப்லைனில் உள்ளவை அனைத்தையும் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். அதனால் 1.5 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, ஒரு கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3க்குச் சில பணிகளில் பின்தங்கியது. ஏஎம்டியோ 2001 முதல் தன் செயலிகளின் பெயரில் துடிப்பு எண்ணைத் தவிர்த்து, வேலைத்திறனைக் குறிக்கும் எண்ணைச் சேர்க்கலாயிற்று.

வெப்பத்தின் சுவர்

டென்னார்டின் கணக்கில் இருந்த நிபந்தனை இந்தக் கட்டத்தில் தவறியது. 1990களின் தொடக்கத்தில் 5 வோல்ட்டாக இருந்த மின்னழுத்தம் பத்தாண்டுக்குள் ஒன்றரை வோல்ட்டுக்கும் கீழே வந்துவிட்டது. அதற்கும் கீழே இறக்க வேண்டுமானால் டிரான்சிஸ்டர் திறக்கும் அழுத்தத்தையும் குறைக்க வேண்டும். அதைக் குறைத்தாலோ, மூடிய நிலையிலும் அதன் வழியே கசியும் மின்னோட்டம் பன்மடங்காகப் பெருகும். வாயிலுக்கு அடியிலிருந்த காப்புப் படலமும் சுமார் 1.2 நானோமீட்டராக, சில அணுக்களின் தடிமனாக, மெலிந்துவிட்டதால் அதனூடாகவும் மின்சாரம் கசிந்தது. 486 செயலியின் வடிவமைப்பில் பெரும்பங்கு வகித்த பேட்ரிக் கெல்சிங்கர், 2001இல் நடந்த சில்லுப் பொறியியல் மாநாட்டில், இப்போக்கு நீடித்தால் பத்தாண்டு முடிவதற்குள் சில்லின் வெப்பச் செறிவு அணுஉலையினுடையதை எட்டிவிடும் என்று எச்சரித்தார்.

2004 பிப்ரவரியில் வந்த புதிய பென்டியம் 4, 90 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. அதன் பைப்லைன் 31 கட்டங்களாக நீண்டிருந்தது. அதன் வெப்பம் நூறு வாட்டைத் தாண்டியது. டிரான்சிஸ்டர் சிறிதானால் மின்செலவு குறையும் என்ற முப்பதாண்டு அனுபவம் முதன்முறையாகப் பலிக்காமற்போயிற்று. இதை அடுத்து வரவிருந்த தேஜாஸ் என்ற செயலியை மே மாதத்திலும், நான்கு கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ அக்டோபரிலும் இன்டெல் கைவிட்டது.

மாற்றுவழி நிறுவனத்துக்குள்ளேயே ஆயத்தமாக இருந்தது. இஸ்ரேலின் ஹைஃபாவில் 1974 முதல் இயங்கிவந்த இன்டெல்லின் வடிவமைப்பு மையம், மடிக்கணினிகளுக்காக 2003 மார்ச்சில் பென்டியம் எம் என்ற செயலியைக் கொண்டுவந்தது. மின்கலத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டிய கட்டாயம் அக்குழுவைத் துடிப்பின் மீதான ஆசையிலிருந்து காப்பாற்றியது. பென்டியம் புரோவின் வழிவந்த வடிவமைப்பை எடுத்து, ஊகத்தின் துல்லியத்தைக் கூட்டி, கேஷைப் பெரிதாக்கி, பயன்படாத பகுதிகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவைத்தது. சுமார் 25 வாட்டில் 1.6 கிகாஹெர்ட்ஸில் இயங்கிய அச்செயலி, அதைவிட வெகு உயர்ந்த துடிப்பைக் கொண்ட பென்டியம் 4 உடன் பல பணிகளில் சமமாக நின்றது. அதன் வழித்தோன்றலாக 2006 ஜூலையில் வந்த கோர் 2 டியூவோ, கரு எனப்படும் முழுச் செயலிகள் இரண்டை ஒரே சில்லில் கொண்டு, மூன்று கிகாஹெர்ட்ஸுக்கும் குறைவான துடிப்பில், 65 வாட்டில், பழைய 3.8 கிகாஹெர்ட்ஸ் செயலியைத் தெளிவாக விஞ்சியது. மின்செலவு துடிப்புக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் ஏறுவதால், இரண்டையும் சற்றே தாழ்த்தி இரு கருக்களை இயக்குவது, ஒரே கருவை எல்லைவரை விரட்டுவதைவிடச் சிக்கனமானது என்பதே இதன் அடிப்படை.

சிறிதாக்கல் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 2007இல் காப்புப் படலத்துக்கு ஹாஃப்னியம் சேர்ந்த பொருளையும், 2012இல் விற்பனைக்கு வந்த 22 நானோமீட்டர் செயலிகளில் மேலெழும்பிய தகடு போன்ற முப்பரிமாண டிரான்சிஸ்டரையும் இன்டெல் கொண்டுவந்தது. இரண்டும் கசிவைக் கட்டுப்படுத்தவே தோன்றியவை. இவற்றால் கிடைத்த கூடுதல் டிரான்சிஸ்டர்கள் துடிப்பை ஏற்றுவதற்கல்லாமல், கருக்களைப் பெருக்கவும் கேஷை விரிக்கவும் பயன்பட்டன.

இந்த மாற்றத்தின் விலையைச் செலுத்தியவர்கள் நிரலாளர்கள். 2004க்கு முன்பு எழுதிய நிரல், எழுத்து மாறாமலே அடுத்த ஆண்டுச் செயலியில் விரைவாக ஓடியது. பின்னரோ வேலையைப் பல கருக்களுக்குப் பங்கிட்டு எழுதினால்தான் பயன் கிட்டியது. ஜீன் ஆம்டால் 1967இலேயே காட்டியபடி, ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்கமுடியாத வரிசைப் பணியாக இருந்தால், எத்தனை கருக்களைச் சேர்த்தாலும் பத்து மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது. ஆகவே துடிப்பின் காலத்தில் சில்லுக்கூடம் ஒருவாறு இலவசமாக வழங்கிய வேகத்தை, அதற்குப் பின் நிரலாளரும் வடிவமைப்பாளரும் உழைத்தே பெறவேண்டியதாயிற்று. 4004 முதல் கோர் 2 வரையிலான இவ்வரலாற்றில் காலத்தை வென்று நிற்பவை, காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கக் கட்டளைகளை முன்கூட்டியே எடுத்துவைத்த வரிசையும், கேஷும், வரிசை மாற்றி நிறைவேற்றும் உத்தியுமே. இன்றைய ஒவ்வொரு பெரும் செயலியும், எந்த நிறுவனம் செய்ததாயினும், அவற்றையே அடித்தளமாகக் கொண்டுள்ளது. விளம்பரப் பலகையில் ஒளிர்ந்த எண்ணைவிட, வேலையை ஒழுங்குபடுத்திய அறிவே செயலியை வேகமாக்கியது என்பதை ஒரு பெரும் நிறுவனம் தன் சொந்தத் தோல்வியின் வழியாக ஒப்புக்கொண்ட காலம் என்பதாலேயே, 2004 முதல் 2006 வரையிலான ஆண்டுகள் கணினி வரலாற்றில் தனியிடம் பெறுகின்றன.